இடிக்கப்பட்ட அடித்தளமும் எழுந்து நின்ற கூடாரமும்

ஒரு நகரில் புதிதாக எழும் கட்டடம் எத்தகைய தோற்றம் கொள்ள வேண்டும் என்பதை முடிவு செய்ய உரிமையுடையவர் யார்? பொருள் வழங்கும் புரவலரா, வரைபடம் தீட்டும் கட்டடக் கலைஞரா, ஆட்சி புரிவோரா, அன்றி அக்கட்டடத்தின் நிழலில் நாள்தோறும் வாழப்போகும் பொதுமக்களா? அக்கட்டடம் ஓர் இறையில்லமாக இருப்பின் இவ்வினா இன்னும் கூர்மை பெறுகிறது. பள்ளிவாசல் எவருடைய தனியுடைமையும் அன்று. அதில் நிற்கும் தொழுகை வரிசையில் புரவலனுக்கும் கூலியாளுக்கும் ஒரே இடந்தான். எனவே அதன் தோற்றம் குறித்துக் கருத்துரைக்க ஒவ்வொருவருக்கும் உரிமையுண்டு எனலாம். ஆயினும் மக்கள் கருத்து எனப்படுவது எப்போது, எவ்வாறு, யார் வாயிலாக வெளிப்படுகிறது என்பதைப் பொறுத்தே அதன் விளைவும் அமைகிறது.

இதனை விளக்க இருபதாம் நூற்றாண்டு நமக்கு ஓர் அரிய சான்றினை விட்டுச் சென்றுள்ளது. ஒரே கட்டடக் கலைஞர், ஏறத்தாழ ஒரே கலைச் சிந்தனையின் வழிநின்று, இரு தலைநகரங்களுக்கு இரு பள்ளிவாசல்களை வடிவமைத்தார். ஒரு நகரம் இட்ட அடித்தளத்தையே தகர்த்தது. மற்றொரு நகரம் அவர் வரைந்ததைக் கட்டி முடித்து, இன்று தன் அடையாளமாகவே கொண்டாடுகிறது. அந்நகரங்கள் அங்காராவும் இஸ்லாமாபாத்தும். அக்கலைஞர் துருக்கியரான வெதாத் தலோகாய் (1927–1991).

முன்னோர் காலத்து முணுமுணுப்பு

இவ்விரு பள்ளிவாசல்களின் கதைக்குள் புகுமுன், இத்தகைய கருத்து வேற்றுமை நமக்குப் புதியதன்று என்பதை நினைவுகூர்தல் நலம். கி.பி. 622-இல் மதீனாவில் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் எழுப்பிய பள்ளிவாசல் மண் செங்கல் சுவரும், பேரீச்ச மரத் தூண்களும், அம்மரத்தின் ஓலை வேய்ந்த கூரையும் கொண்டது. அதில் குவிமாடம் இல்லை, மினாரா இல்லை, குழிந்த மிஹ்ராபும் இல்லை. பிலால் (ரலி) அவர்கள் அருகிலிருந்த ஒரு வீட்டின் மேலேறி பாங்கு சொன்னதாக வரலாறு கூறுகிறது. அங்கு முதன்முதல் அமைந்த மிம்பர்கூட, ஓர் அறிவிப்பின்படி, அன்ஸாரிப் பெண்மணி ஒருவர் முன்வந்து கூறிய யோசனையால் உருவானது. தச்சு வேலை தெரிந்த பணியாள் தம்மிடம் இருப்பதாக அவர் தெரிவிக்க, அந்த யோசனை ஏற்கப்பட்டது. இறையில்லத்தின் அமைப்பில் பொதுமக்களின் சொல்லுக்கு இடமிருந்தமைக்கு இதனினும் பழைய சான்று நாம் காட்ட வேண்டியதில்லை.

கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 17-இல் அப்பள்ளியை விரிவுபடுத்தியபோது பழைய கட்டுமானப் பொருள்களையே பயன்படுத்தினார்கள். மக்களை மழையினின்று காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும், தொழுவோரின் கவனத்தைக் கலைக்கும் வண்ணப் பூச்சு கூடாது என்பது அவர்தம் கட்டளையாக இருந்தது. ஆனால் கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 29-இல், அதாவது கி.பி. 649-650 அளவில், செதுக்கிய கல்லும் சுண்ணச்சாந்தும் கொண்டு சுவரெழுப்பி, ‘ஸாஜ்’ எனப்படும் தேக்கு மரத்தால் கூரையமைக்க முற்பட்டபோது, மக்கள் அதனை விரும்பவில்லை என்று நபிமொழித் தொகுப்புகளே பதிவு செய்துள்ளன. பள்ளி முன்னிருந்தவாறே இருக்கட்டும் என்பது அவர்களின் வேட்கை. உஸ்மான் (ரலி) அவர்கள் அவ்வெதிர்ப்பை அடக்கவுமில்லை, அதற்கு அஞ்சிப் பணியைக் கைவிடவுமில்லை. மக்கள் முன் நின்று, இறைவனுக்காகப் பள்ளி கட்டுவோருக்குச் சுவனத்தில் கிட்டும் நற்பேறு பற்றிய நபிமொழியை எடுத்துரைத்துத் தம் செயலுக்குக் காரணம் காட்டினார்கள்.

இன்னும் அரை நூற்றாண்டு கடந்து, உமையாக் கலீஃபா வலீதின் ஆணைப்படி கி.பி. 707 முதல் 709 வரை அப்பள்ளி மீண்டும் கட்டப்பட்டது. அப்போது நபிகளாரின் துணைவியர் வாழ்ந்த அறைகள் இடிக்கப்பட்டன. மதீனாவாசிகள் கண்ணீர் வடித்தனர் என்பர். பேரறிஞர் ஸயீத் இப்னுல் முஸய்யப் அவர்கள், அவ்வறைகளை விட்டுவைத்திருந்தால் அல்லாஹ்வின் தூதர் எத்துணை எளிய வாழ்க்கை வாழ்ந்தார்கள் என்பதைப் பின்வருவோர் கண்டுணர்ந்திருப்பார்களே என வருந்தியதாகச் செய்தியுண்டு. இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இன்று மரபு எனப் போற்றப்படும் குழிந்த மிஹ்ராபும் மூலைக்கொரு மினாராவும் மதீனாப் பள்ளியில் இடம்பெற்றது, மக்கள் அழுத அந்தத் திருப்பணியின்போதுதான். நேற்றைய புதுமை இன்றைய மரபாகும் விந்தை இதில் அடங்கியுள்ளது.

அங்காராவின் குன்று

இனி அங்காராவுக்கு வருவோம். 1923-இல் துருக்கிக் குடியரசின் தலைநகராக அறிவிக்கப்பட்ட அந்நகரம் விரைந்து வளர்ந்தது. அமைச்சகங்கள் எழுந்தன, அகன்ற வீதிகள் தோன்றின, 1953-இல் அதாதுர்க்கின் மாபெரும் நினைவிடம் நிறைவுற்றது. ஆனால் யெனிஷெஹிர் எனும் புதுநகர்ப் பகுதியில் தலைநகருக்கேற்ற ஒரு பெரும் பள்ளிவாசல் எழவில்லை. மார்க்க விவகாரத் துறையின் துணைத் தலைவராயிருந்த அஹ்மத் ஹம்தி அக்செகி 1944-இல் இதற்கெனச் சங்கமொன்றை அமைத்தார். 1947-இல் வடிவமைப்புப் போட்டி அறிவிக்கப்பட்டும் எந்த வரைபடமும் ஏற்கப்படவில்லை.

அன்றைய சூழலை மறந்து இவ்வரலாற்றைப் படிக்கலாகாது. 1932 தொடங்கி 1950 வரை துருக்கியில் பாங்கு அரபு மொழியில் ஒலிக்கவில்லை. அத்னான் மெந்தரஸ் பிரதமரான 1950-ஆம் ஆண்டின் ஜூன் திங்களில்தான் அத்தடை நீங்கியது. அவர் காலத்தில், 1956-இல், பள்ளிக்கான நிலம் ஒதுக்கப்பட்டது. கோஜாதெபே எனும் குன்றே அந்நிலம். 1957-இல் நடந்த இரண்டாம் போட்டியில் 36 வரைபடங்கள் ஆராயப்பட்டு, வெதாத் தலோகாயும் நெஜாத் தெகெலியோலுவும் இணைந்து அளித்த வடிவம் முதலிடம் பெற்றது. அப்போது தலோகாய்க்கு அகவை முப்பதுதான்.

அவ்வடிவம் துருக்கியர் கண்டு பழகியதன்று. உதுமானியப் பள்ளிகளில் பெருங்குவிமாடத்தைத் தாங்கப் பருத்த தூண்களும், அரைக்குவிமாடங்களும், கனத்த சுவர்களும் உண்டு. தலோகாய் அவற்றையெல்லாம் விலக்கி, மெல்லிய ஓடு போன்ற கான்கிரீட் மேற்கூரை ஒன்றே மூலைகளில் தரைதொட்டு நிற்குமாறு அமைத்தார். நான்கு மூலைகளிலும் மிக மெலிந்த நான்கு மினாராக்கள். தூண்களின் இடையீடின்றித் தொழுவோர் அனைவரும் ஒரே வெளியில் நிற்கலாம். கட்டடக் கலைஞர்கள் இதனைப் பாராட்டினர். பணி 1963-இல் தொடங்கியது. ஆனால் மரபுப் பற்றாளரிடமிருந்து கண்டனம் வலுத்தது. இது பள்ளிவாசலாகத் தோன்றவில்லை என்பதே அக்கண்டனத்தின் சாரம். பணி நிறுத்தப்பட்டது, இட்ட அடித்தளம் தகர்க்கப்பட்டது. 1967-இல் மூன்றாம் போட்டி நடத்தப்பெற்று, ஹுஸ்ரவ் தய்லா, ஃபாத்தின் உலுஎங்கின் ஆகியோரின் வரைபடம் தேர்வாயிற்று. பதினாறாம் நூற்றாண்டின் மாபெரும் கலைஞர் ஸினானின் மரபைப் பின்பற்றிய அது, நடுவே பெருங்குவிமாடமும் சுற்றிலும் அரைக்குவிமாடங்களும் நான்கு மினாராக்களும் கொண்டது. இருபதாண்டுகளில் கட்டி முடிக்கப்பெற்று 1987-இல் பிரதமர் துர்குத் ஒஸால் காலத்தில் திறக்கப்பட்டது.

இதனை வெறும் பழமைவாதத்தின் வெற்றி என்று ஒதுக்கிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. பாங்கின் ஒலியையே பதினெட்டு ஆண்டுகள் இழந்திருந்த ஒரு சமுதாயம், தன் தலைநகரின் முதற்பெரும் பள்ளியில் தான் இழந்த எதையோ திரும்பக் காண விழைந்தது. அரசு புதுமையின் பெயரால் தங்கள் வாழ்வில் தலையிட்டதைக் கண்டவர்கள், பள்ளியின் வடிவிலும் அதே புதுமையைக் கண்டபோது ஐயுற்றனர். குவிமாடம் அவர்களுக்குக் கட்டடத்தின் உறுப்பாக மட்டும் இருக்கவில்லை, மீட்சியின் அடையாளமாக இருந்தது. அவர்களின் எதிர்ப்பு தலோகாயின் கான்கிரீட்டை நோக்கிப் பேசினாலும், அதன் வேர் அதற்கு முந்தைய முப்பதாண்டுகளில் இருந்தது.

ஆயினும் மறுபக்கத்தையும் நாம் மறைக்கலாகாது. ஸினான் தம் காலத்தில் எவரையும் நகலெடுத்தவர் அல்லர். 1557-இல் சுலைமானியாவை முடித்த அவர், அதனினும் துணிவான அமைப்பை எதிர்நேயில் (எதிர்னே நகரில்) செலீமியாப் பள்ளிக்கெனத் தேடி, 1575-இல் நிறைவு செய்தார். எட்டுத் தூண்கள் தாங்கும் ஒரே குவிமாடத்தின் கீழ் இயன்றவரை இடையீடற்ற வெளியை உருவாக்குவதே அவரது நோக்கமாயிருந்தது. அவ்வகையில் தடையற்ற தொழுகை வெளியைத் தம் காலத்துக் கட்டுமானப் பொருளால் அடைய முயன்ற தலோகாய், ஸினானின் உருவத்தை விட்டாலும் உள்ளத்தை விடவில்லை எனலாம். உருவத்தைக் காத்த கோஜாதெபேப் பள்ளியோ, உட்புறத்தில் கல்லுக்குப் பதில் கான்கிரீட்டையும், தன் அடித்தளத்தில் ஒரு பேரங்காடியையும் கொண்டு எழுந்தது. மரபின் தோற்றம் நின்றது, மரபின் கட்டுமான முறை நிற்கவில்லை.

மார்கலா மலையடிவாரம்

அங்காராவில் மறுக்கப்பட்ட சிந்தனை வேறொரு மண்ணில் முளைத்தது. 1960-களில் உருவான பாகிஸ்தானின் புதிய தலைநகரம் இஸ்லாமாபாத். 1966-இல் அங்கு வருகை தந்த சவூதி மன்னர் ஃபைஸல், தேசியப் பள்ளிவாசல் ஒன்றை எழுப்பும் முயற்சிக்கு ஆதரவளித்தார். 1969-இல் நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு 17 நாடுகளிலிருந்து 43 வரைபடங்கள் வந்தன. வென்றது தலோகாயின் வடிவம். மன்னர் 1975-இல் கொலையுண்டபின் அவர் பெயரே பள்ளிக்குச் சூட்டப்பட்டது. 1976-இல் மன்னர் காலித் அடிக்கல் நாட்டினார். 1986-இல் பணி நிறைவுற்றது.

இங்கும் குவிமாடம் இல்லை. பாலைநில பதவியரின் கூடாரத்தை நினைவூட்டும் எண்பக்கக் கான்கிரீட் கூரையும், நான்கு மூலைகளில் பென்சில் போல் கூர்ந்த நான்கு மினாராக்களுமே அதன் உருவம். அந்நான்கு மினாராக்களையும் கற்பனைக் கோடுகளால் இணைத்தால் கஅபாவின் கனவடிவம் தோன்றும் என்பது வடிவமைத்தவரின் எண்ணம். உள்ளே தூணில்லாப் பெருவெளி. புகழ்பெற்ற பாகிஸ்தானியக் கலைஞர் ஸாதிகைனின் எழுத்தணிகள் அதனை அழகுசெய்கின்றன.

கண்டனம் இங்கும் எழாமலில்லை. குவிமாடமற்ற பள்ளியா என்று வினவியோர் பலர். மொகலாயர் எழுப்பிய லாகூரின் பாதுஷாஹிப் பள்ளியைக் கண்டு வளர்ந்த மக்களுக்கு இவ்வினா இயல்பானதே. ஆனால் பணி நிற்கவில்லை. பள்ளி முழுமையாக எழுந்து, மார்கலா மலைத்தொடரின் சரிவோடு அதன் கூரைச் சரிவு இசைந்து நின்றதை மக்கள் நேரில் கண்டபோது முணுமுணுப்பு பெரும்பாலும் அடங்கியது. பெருநாள் தொழுகைக்கு அங்கு திரளும் கூட்டம் அதற்குச் சான்று. 2006-இல் பாகிஸ்தான் அரசு வெளியிட்ட ஐயாயிரம் ரூபாய்த் தாளில் அப்பள்ளியின் உருவம் பொறிக்கப்பட்டது. ஒருகாலத்தில் பள்ளிவாசலாகத் தோன்றவில்லை எனப்பட்ட வடிவம், ஒரு நாட்டின் நாணயத்தாளில் அந்நாட்டின் முகமாக ஏறியது.

இதில் வரலாற்றின் முரண்நகை ஒன்றும் உண்டு. 1973 முதல் 1977 வரை அங்காராவின் மேயராக விளங்கியவர் இதே தலோகாய்தான். தம் வரைபடம் மறுக்கப்பட்ட குன்றின்மீது வேறொருவரின் பள்ளி எழுந்து கொண்டிருந்த நகரை அவர் நிர்வகித்தார். அதே ஆண்டுகளில்தான் தொலைதூர இஸ்லாமாபாத்தில் அவரது பள்ளிக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

இரு நகரங்களுக்குமிடையே வேறுபாடு எங்கே?

மக்களின் சுவை ஓரிடத்தில் தாழ்ந்தும் ஓரிடத்தில் உயர்ந்தும் இருந்தது என்பது விடையாகாது. இரு இடங்களிலும் எதிர்ப்பின் சொற்கள் ஏறத்தாழ ஒன்றே. வேறுபாடு மூன்று காரணங்களால் விளைந்தது என நாம் எண்ணுகிறோம். முதலாவது, அங்காராவில் கட்டடம் மண்ணுக்கு மேல் எழுமுன்னரே தீர்ப்பு வழங்கப்பட்டது. மக்கள் மறுத்தது ஒரு வரைபடத்தையும் அதுபற்றிய அச்சத்தையுமே. இஸ்லாமாபாத்தில் அவர்கள் கட்டடத்தையே கண்டனர். இரண்டாவது, அங்காரா தன் பழைய காயத்தோடு அவ்வடிவை நோக்கியது. இஸ்லாமாபாத்தோ பழைய நகரம் ஏதுமின்றிப் புதிதாகத் திட்டமிடப்பட்ட தலைநகரம். மூன்றாவது, நிதியின் ஊற்று. கோஜாதெபேப் பணியைத் தொடங்கியது ஒரு சங்கம். இஸ்லாமாபாத்தில் ஒரு மன்னரின் கொடை மக்களின் ஒப்புதலை எதிர்பார்க்க வேண்டிய நிலையில் இல்லை.

இம்மூன்றாம் காரணம் நம்மைச் சற்றே தயங்கச் செய்கிறது. நல்ல வடிவம் காக்கப்பட்டது மக்கள் குரல் எட்டாத இடத்தில் பணம் இருந்தமையால்தான் எனில், அதனை நாம் முன்மாதிரியாகக் கொள்ள முடியுமா? அதே பலம் தீய வடிவையும் மக்கள்மீது சுமத்தக்கூடும் அன்றோ? 1609-இல் சுல்தான் அஹ்மத் இஸ்தான்புல்லில் தம் பள்ளியைத் தொடங்கியபோது, போர்வெற்றியின் பொருளின்றி அரசுக் கருவூலத்தினின்று செலவிடுவதை உலமாக்கள் கண்டித்தனர். கட்டடத்தின் அழகு அக்கண்டனத்தை இன்று மறக்கச் செய்துவிட்டது. ஆயினும் பொதுப்பொருளைக் குறித்து வினவிய அவ்வுலமாக்கள் தவறிழைத்தவர்கள் என்று நாம் கூறத் துணியோம்.

அங்காராவிலேயே இதற்கு இடைவழியொன்று புலப்பட்டது. கோஜாதெபே திறக்கப்பட்ட இரண்டே ஆண்டுகளில், 1989-இல், துருக்கி நாடாளுமன்ற வளாகத்தில் பெஹ்ரூஸ் சினிஜியும் அவர் மைந்தர் ஜான் சினிஜியும் வடிவமைத்த பள்ளி நிறைவுற்றது. அதில் வழக்கமான குவிமாடமும் இல்லை, மினாராவும் இல்லை. கிப்லாச் சுவர் கண்ணாடியாலானது, அதற்கப்பால் தாழ்ந்த தோட்டமும் நீரும் தெரியும். 1995-இல் அதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிட்டியது. ஒரே நகரம் இருவகைப் பள்ளிகளுக்கும் இடமளித்தது. ஆயினும் விவாதம் முடியவில்லை. 2019-இல் இஸ்தான்புல்லின் சாம்லிஜாக் குன்றில் திறக்கப்பட்ட பெரும்பள்ளி மீண்டும் உதுமானிய வடிவையே ஏற்றபோது, இது பழையதன் நகலே எனக் கட்டடக் கலைஞர் பலர் குறைகூறினர்.

பிறர் கருத்தும் நம் கருத்தும்

முஸ்லிம்கள் சிறுபான்மையராய் வாழும் நகரங்களில் இவ்வினா வேறு முகம் காட்டுகிறது. 2009 நவம்பர் 29-இல் சுவிட்சர்லாந்தில் நடந்த பொதுவாக்கெடுப்பில், புதிய மினாராக்களைத் தடைசெய்வதை 57.5 விழுக்காட்டினர் ஆதரித்தனர். அப்போது அந்நாட்டில் இருந்த மினாராக்கள் நான்கே. கருத்துக் கேட்பது என்பது பெரும்பான்மையின் அச்சத்தை எண்ணிக்கையாக்கும் செயலாகச் சுருங்கினால் நேரும் விளைவு இது. இதற்கு மாறாக ஜெர்மனியின் கொலோன் நகரில், கிறித்தவ தேவாலயங்கள் கட்டிய குடும்பத்தில் வந்த பால் போம் என்பவர் 2006-இல் வடிவமைத்த பள்ளி கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. நீண்ட விவாதங்களுக்குப் பின் 2008-இல் நகர மன்றம் ஒப்புதல் அளித்தது. 55 மீட்டர் உயர மினாராக்களும், கண்ணாடி இடையிட்ட ஓடுகள் போன்ற குவிமாடமும் கொண்ட அது 2018-இல் முறைப்படி திறக்கப்பட்டது. எதிர்ப்பு அங்கும் இருந்தது, ஆனால் அது பேசித் தீர்க்கப்பட்டது.

நம் தமிழக நிலையை எண்ணிப் பார்க்கும்போது இவ்வரலாறு வெகுதொலைவில் நிகழ்ந்ததாகத் தோன்றவில்லை. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் நம் முன்னோர் எழுப்பிய பழம்பள்ளிகள் கல்தூண்களும் தட்டைக் கூரையும் கொண்டவை. தமிழ் மண்ணின் கல்தச்சர் அறிந்த கட்டட மொழியில், உருவங்களை விலக்கிக் கொடியும் பூவும் செதுக்கி, கிப்லாவை நோக்கி அமைக்கப்பட்டவை. பெருங்குவிமாடமோ வானளாவிய மினாராவோ இன்றியே பல தலைமுறைகள் அங்கு தொழுதன. இன்று கூட்டம் பெருகியும் செல்வம் வந்தும் பழம்பள்ளிகள் பல ஊர்களில் இடிக்கப்பட்டு, எங்கும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற கான்கிரீட் குவிமாடங்கள் எழுகின்றன. இடவசதி தேவையென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் கோஜாதெபேயில் மக்கள் தங்கள் மரபைக் காக்கவேண்டி ஒரு புதுவடிவை மறுத்தனர். நாமோ நம் மரபு எதுவென்று கேளாமலே, பிறநாட்டு மரபின் நகலை நம்முடையதென நம்பி, நம்முடையதை இடிக்கிறோம். அங்கே எழுந்த வினாகூட இங்கே எழவில்லை.

மஷ்வரா நம் மார்க்கம் கற்பித்த வழிமுறை. ஒரு பள்ளியைப் புதுப்பிக்குமுன் வரைபடத்தையும் மாதிரியையும் ஜமாஅத்தார் அனைவரும், பெண்களும் இளைஞர்களும் உட்பட, காணுமாறு வைத்துக் காரணங்களை எடுத்துரைப்பதும், பழைய கட்டடத்தை அளந்து படமெடுத்துப் பதிவு செய்வதும், இடிக்காமல் விரிவாக்க இயலுமா என்று கல்தச்சரையும் பொறியாளரையும் கேட்பதும் பெருஞ்செலவு பிடிப்பவை அல்ல. மக்கள் விரும்பாததைச் செய்ய முற்பட்ட கலீஃபா உஸ்மான் (ரலி) அவர்கள் மக்கள் முன் நின்று விளக்கம் தந்தார்கள். மாபெரும் ஆட்சியின் தலைவருக்கு இருந்த அக்கடப்பாடு நம் ஊர் முத்தவல்லிகளுக்கு இல்லையெனக் கூறுவதற்கில்லை.

அங்காராவில் தகர்க்கப்பட்ட அடித்தளத்தை இனி எவரும் காண இயலாது. ஆனால் அது வரைபடமாகவேனும் எஞ்சி, வேறொரு மலையடிவாரத்தில் உயிர்பெற்றது. பதிவின்றி இடிபடும் நம் கல்பள்ளிகளுக்கு அந்நற்பேறும் வாய்க்கப்போவதில்லை. அவற்றைக் குறித்த நம் கருத்தைக் கட்டடம் நிற்கும்போதே கூறுவோமாக.